கல்லாறும் ஊரின் விளியும்: தென்கேரள மலையூர்களில் தன்னார்வத் தீயணைப்புப் பணியின் வரலாறு

முன்னுரை

இந்தியாவில் தீயணைப்புப் பணியின் வரலாறு பெரும்பாலும் அரசுத் துறை ஒன்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. துறைமுக நகரங்களில் நிலையம் திறக்கப்பட்ட ஆண்டு, வண்டி வாங்கப்பட்ட ஆண்டு, சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு ஆகியனவே அவ்வரலாற்றின் செய்திகளாக அமைகின்றன. நிலையத்திற்கு வெகு தொலைவிலுள்ள மலையூரில் தீ மூண்டபோது முதலில் ஓடி வந்தவர் யார், அவரைக் கூட்டியவர் யார், எந்த உரிமையின் பேரில் அவர் வந்தார் என்னும் வினாக்கள் அதில் இடம்பெறுவது அரிது. மேலை நாட்டுச் சிற்றூர்களில் தன்னார்வத் தீயணைப்புப் படைகளின் வரலாறு ஊர் வரலாற்றின் ஒரு பகுதியாகவே எழுதப்படுகின்றது. இங்கு அத்தகைய எழுத்து வளராமைக்குக் காரணம், ஊரார் தீயணைக்கவில்லை என்பதன்று. அவர்தம் பணி வேறு வேறு பெயர்களில் மறைந்து கிடந்தது என்பதேயாகும்.

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாற்றையும் அதனைச் சூழ்ந்த மலைச்சரிவையும் களமாகக் கொண்டு, ஊரார் தீயணைத்த முறை கடமையாகவும், கட்டாயமாகவும், கூலியாகவும், தன்னார்வமாகவும் மாறி வந்த வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லாறு: இடமும் மக்களும்

கல்லாறு என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழக வாசகர்க்கு மேட்டுப்பாளையத்தை அடுத்த நீலகிரி அடிவாரமே நினைவுக்கு வரும். இங்குக் கூறப்படுவது நெடுமங்காடு வட்டத்தில், விதுராவை அடுத்துப் பொன்முடி செல்லும் வழியில் உள்ள கல்லாறு ஆகும். திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில் அமைந்தது. செம்முஞ்சி மொட்டை மலைப்பகுதியில் தோன்றும் வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியே இங்குக் கல்லாறு எனப்படுகின்றது. உருண்டு தேய்ந்த கற்களும் பெரும்பாறைகளும் நிறைந்த படுகையே பெயர்க்காரணம். ஆற்றைக் கடந்து மேலேறும் சாலை 22 கொண்டைஊசி வளைவுகளைக் கொண்டது. அதன் முடிவில் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடியின் புல்வெளிகள் உள்ளன.

இந்நில அமைப்பு தீயணைப்பு வரலாற்றிற்கு அடிப்படையானது. அடிவாரத்தில் இரப்பர்த் தோட்டமும் குடியிருப்பும், அதன்மேல் ஈரக்காடும் ஈற்றைப் புதர்களும், உச்சியில் புல்வெளியும் என மூன்று அடுக்குகளாக நிலம் விரிகின்றது. ஆண்டின் பெரும்பகுதி மழை பெறும் இம்மலையில் தீ என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் சனவரி முதல் கோடை மழை தொடங்கும் வரை புல்வெளி காய்ந்து கிடக்கும். ஈற்றையின் உலர்ந்த இலைகள் தடித்த மெத்தையாகப் படிந்திருக்கும். அணைக்கப்படாத அடுப்புத் தீயோ, எறியப்பட்ட பீடித் துண்டோ, புதுப்புல் முளைக்கவென்று வைக்கப்பட்ட தீயோ சரிவைப் பற்றிக்கொண்டால், காற்றின் துணையால் மேல்நோக்கி விரைந்து ஏறும். அவ்விடத்திற்குத் தண்ணீர் வண்டி செல்லாது. கால்நடையாகச் செல்லக்கூடிய மனிதர்களே அங்குத் தீயணைப்புக் கருவி எனலாம்.

இம்மலையின் தொல்குடிகள் காணிக்காரர். அகத்தியமலையின் இருபுறமும், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளில் இவர்கள் வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவர்தம் மலை இரண்டு மாநிலங்களாகப் பிரிந்தது. தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் இவர்தம் பேச்சு, மொழியியலார் கவனத்திற்குரியது. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற நாட்டு மருத்துவர் இலட்சுமிக்குட்டி அம்மாள் இக்கல்லாற்றுப் பகுதிக் காட்டைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. காணிக்காரரோடு, சமவெளியிலிருந்து குடியேறிய மலையாளிகளும், பொன்முடி, போனக்காடு தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்ததே இவ்வட்டாரத்தின் சமூகம்.

தீயணைத்தல் என்னும் ஊர்க்கடமை

தீயணைத்தலைக் குடிகளின் கடமையாகக் கொள்ளும் கருத்து இந்திய மரபில் பழமையானது. அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் நகர அதிகாரியின் பணிகளைக் கூறும் பகுதி, ஒவ்வொரு வீட்டிலும் நீர்க்குடங்கள், ஏணி, கோடரி, முறம், கொக்கி, தோற்பை முதலியன இருத்தல் வேண்டும் என்கின்றது. எரியும் வீட்டைக் காக்க ஓடாத உரிமையாளனுக்கு 12 பணமும், வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு 6 பணமும் தண்டம் விதிக்கின்றது. தீ என்பது தனி ஒருவனின் இழப்பன்று, ஊரின் இடர் என்னும் தெளிவு அதில் காணப்படுகின்றது. எனினும் அக்கடமை அரசின் தண்டத்தால் நிலைநிறுத்தப்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழக ஊராட்சி வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டப்பெறும் முதற்பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலிய குழுக்களைச் சுட்டுகின்றன. தீக்கெனத் தனி வாரியம் அவற்றுள் இல்லை. நீரைக் காக்கும் குழு இருந்தது. ஓலைக்கூரை எரிந்தால் அந்நீரை மொண்டு ஊற்றுவது அயலார் அனைவரின் வேலையாக இருந்தது என்று கருத இடமுண்டு. நிலையான அமைப்பாக அன்றி, நேர்ந்தபோது கூடும் கூட்டமாகவே ஊரின் தீயணைப்பு இருந்துள்ளது.

மலைநிலத்தின் நிலை சற்று வேறானது. காட்டை வெட்டிச் சுட்டு விதைத்த தினைப்புனம் குறிஞ்சித்திணைப் பாடல்கள் காட்டும் நிலமாகும். காணிக்காரரும் இத்தகைய வேளாண்மையைச் செய்து வந்தவரே. தீயை வைத்துப் பயிர் செய்வோர் தீயை நிறுத்தவும் அறிந்திருத்தல் வேண்டும். காற்றின் திசை அறிதல், எரிக்கும் நிலத்தின் ஓரத்தை முன்னரே துப்புரவு செய்தல், மாலைக் குளிர்ச்சியில் எரித்தல் ஆகிய அறிவு இவ்வேளாண்மையிலிருந்து பிரிக்க இயலாதது.

காணிக்காரரின் ஊரமைப்பில் மூன்று பொறுப்புகளை இனவரைவியலார் குறித்துள்ளனர். ஊரின் தலைவர் மூட்டுக்காணி. வழிபாடும் மருத்துவமும் அறிந்தவர் பிலாத்தி. மூட்டுக்காணியின் சொல்லை ஊரார்க்கு அறிவித்து அவர்களைக் கூட்டுபவர் விளிக்காணி. இம்மூன்றாம் பெயர் தமிழாய்வாளர்க்கு மிக அணுக்கமானது. விளித்தல் என்பது அழைத்தல். எட்டாம் வேற்றுமையை விளி வேற்றுமை என்பதும், தொல்காப்பியம் விளிமரபு என ஓர் இயல் கொண்டிருப்பதும் யாவரும் அறிந்தன. ஊரைக் கூட்டுவது ஒருவரின் தற்செயலான கூவலாக அல்லாமல், பெயரும் மதிப்பும் உடைய ஒரு பதவியாக இருந்தது என்பதை இச்சொல் காட்டுகின்றது. அழைப்பவர் ஊரைச் சேர்ந்தவர். அவருக்கு ஆணையிடுபவரும் ஊரைச் சேர்ந்தவர். பிற்கால மாற்றங்களை அளவிடுவதற்கு இஃது ஒரு அளவுகோலாக அமையும்.

மேலை நாட்டுத் தன்னார்வப் படைகள்

தன்னார்வத் தீயணைப்புப் படை என்னும் அமைப்பின் இயல்பை அறிய அமெரிக்க எடுத்துக்காட்டு துணைபுரியும். பெஞ்சமின் பிராங்ளினும் நண்பர்களும் 1736 டிசம்பர் 7இல் பிலடெல்பியாவில் யூனியன் தீயணைப்புக் குழுமத்தைத் தொடங்கினர். உறுப்பினர் எண்ணிக்கை 30 என வரையறுக்கப்பட்டது. தோல் வாளிகளும் பைகளும் வைத்திருப்பதும், தீ மூண்டால் அவற்றுடன் ஓடுவதும், மாதந்தோறும் கூடுவதும் உறுப்பினரின் உடன்படிக்கை. தவறியவர் தண்டம் செலுத்தினர். இடம் கிடைக்காதோர் வேறு குழுமங்களைத் தொடங்கினர். தீயில்லாத நாள்களில் நிகழ்ந்த கூட்டமும் விருந்தும் பேச்சுமே தீயுள்ள நாளின் ஒற்றுமைக்கு அடித்தளமாயின.

இவ்வமைப்பின் மறுபக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிலடெல்பியாக் குழுமங்கள் தெருச்சண்டையில் ஈடுபட்டன. இனப் பகையும் கட்சிப் பகையும் அவற்றுள் புகுந்தன. 1853இல் சின்சினாட்டி நகரம் ஊதியம் பெறும் படையை அமைத்தது. 1871இல் பிலடெல்பியாவும் அவ்வழிச் சென்றது. ஆயினும் சிற்றூர்களில் தன்னார்வப் படைகள் நிலைத்தன. அமெரிக்கத் தீயணைப்போருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தன்னார்வலரே என்பதை அண்மைக் கணக்குகளும் காட்டுகின்றன. தென்னமெரிக்க நாடான சிலியில், 1851இல் வால்பரைசோவில் தொடங்கிய மரபின் வழியே, தீயணைப்புப் பணி தன்னார்வலர் கையிலேயே உள்ளது.

இவ்வமைப்புகள் அனைத்திற்கும் பொதுவான கூறுகள் மூன்று: உறுப்பினர் தாமே சேர்தல், கருவியும் கூடமும் படைக்கு உரியனவாதல், தலைவரைத் தாமே தேர்தல். அரசு பின்னர் வந்து மானியம் தந்தது, அல்லது அப்பணியை ஏற்றுக்கொண்டது. தென்னிந்தியாவில் இவ்வரிசை தலைகீழாக அமைந்தது. இங்கு அரசு முதலில் வந்தது. தன்னார்வலர் பின்னர் அழைக்கப்பட்டனர்.

வனச் சட்டமும் கட்டாய உதவியும்

மலையூர்களில் தீயணைப்பை முதலில் ஒழுங்குபடுத்தியது தீயணைப்புத் துறை அன்று, வனத்துறையே. 1860களில் மத்திய மாகாணத்துப் போரி வனத்தில் கர்னல் பியர்சன் மேற்கொண்ட தீத்தடுப்பு முயற்சி இந்திய வனத்துறைக்கு முன்மாதிரியாயிற்று. வெட்டுமரம் அரசின் வருவாயாகக் கருதப்பட்டமையால், காட்டுத்தீ அவ்வருவாயை அழிக்கும் பகையாகக் கருதப்பட்டது. மலைவாணரின் புனத்தீயும் அதே பகையின் பட்டியலில் சேர்ந்தது.

1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும், அதற்குப் பின்வந்த 1927ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வகையில் முக்கியமானவை. காப்புக்காட்டில் ஏதேனும் உரிமையைத் துய்ப்பவர் அனைவரும் காட்டுத்தீ பற்றிய செய்தியை அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். அருகில் மூண்ட தீயை அணைத்தல் வேண்டும். பரவாமல் தடுத்தல் வேண்டும். தவறினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என 1927ஆம் ஆண்டு மூலச் சட்டத்தின் 79ஆம் பிரிவு விதித்தது. திருவிதாங்கூர் அரசு கொல்லம் ஆண்டு 1068இல் (கி.பி. 1893) தனக்கென வன ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றிக் காப்புக்காடுகளை வரையறுத்தது. மலைவாணர் வாழ்வை ஒழுங்குபடுத்தும் விதிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. மாநிலம் அமைந்த பின் 1961ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் கேரள மலைவாணர் விதிகளும் அவற்றின் இடத்தைப் பெற்றன.

இச்சட்டங்களால் நிகழ்ந்த மாற்றம் இருவகையினது. முதலாவது, தீ வைத்தல் குற்றமாயிற்று. அதனால் தீயைக் கையாளும் அறிவும் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. இரண்டாவது, தீயணைத்தல் காட்டைத் துய்க்கும் உரிமைக்கு விலையாயிற்று. ஊரார் முன்பும் தீயணைத்தனர், பின்பும் அணைத்தனர். ஆனால் முன்னர்த் தம் காட்டின் தீயை அணைத்தவர், பின்னர் அரசின் காட்டில் தண்டத்திற்கு அஞ்சி அணைப்பவராகக் கருதப்பட்டனர். விளிக்காணி அழைத்த இடத்தில் வனக்காவலர் அழைக்கலாயினர். செயல் ஒன்றே, விளி மாறியது.

அரசுத் தீயணைப்புப் படை

நகரங்களில் வரலாறு வேறு வழியில் சென்றது. சென்னையில் 1908இல் தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னை நகர மக்கள் பெருமளவில் வெளியேறினர். வான்தாக்குதல் முன்னெச்சரிக்கை அமைப்புகளில் பொதுமக்கள் தன்னார்வலராகச் சேர்க்கப்பட்டது இக்காலத்திலேயாம். தன்னார்வலரைத் திரட்டும் இம்முறை போருக்கென உருவானது. ஊரின் தேவையிலிருந்து எழுந்ததன்று.

1944 ஏப்ரல் 14இல் மும்பைத் துறைமுகத்தில் போர்ட் ஸ்டிக்கின் என்னும் கப்பல் வெடித்தபோது தீயணைப்போர் 66 பேர் உயிரிழந்தனர். இன்றும் அந்நாளே நாட்டின் தீயணைப்புச் சேவை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. பணியில் இறந்த தீயணைப்போரை நாடு நினைவுகூரும் மரபு இவ்வாறு தொடங்கியது.

கேரளத்தில் காவல்துறையின் ஒரு பகுதியாக இருந்த தீயணைப்புப் பணி, 1962ஆம் ஆண்டின் கேரளத் தீயணைப்புப் படைச் சட்டத்திற்குப் பின் தனித்துறையாயிற்று. தமிழ்நாட்டில் தீயணைப்புப் பணிச் சட்டம் 1985இல் வந்தது. நிலையங்கள் பெருகின. கல்லாற்றுப் பகுதிக்கு இன்று விதுராவில் உள்ள தீயணைப்பு மீட்பு நிலையமே அணுக்கமானது. கூரைத் தீக்கும் சாலை விபத்திற்கும் ஆற்றில் மூழ்கியோரை மீட்பதற்கும் அந்நிலையத்தார் வருகின்றனர். ஆயினும் சாலை முடியும் இடத்தில் அவர்தம் வண்டியும் நின்றுவிடும். அதற்கு அப்பால் பணி மீண்டும் ஊராரிடமே வருகின்றது.

இது தீக்கு மட்டும் உரியதன்று. கல்லாற்றின் வட்டக்கயம் முதலிய ஆழ்ந்த நீர்நிலைகளில் சுற்றுலா வந்தோர் பலர் மூழ்கி இறந்துள்ளனர். மேலே பெய்த மழையால் ஆறு திடீரெனப் பெருகும் தன்மையை வெளியூரார் அறியார். இத்தகைய வேளைகளில் முதலில் நீரில் இறங்குவோர் கரையில் வாழ்வோரே. தீ, நீர், மண்சரிவு ஆகிய மூன்றிற்கும் ஓடும் ஒரே கூட்டம் மலையூரின் தன்னார்வப் படையாகும்.

வனப் பாதுகாப்புக் குழுக்கள்

1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை, காட்டைக் காப்பதில் மக்களுக்குப் பங்கு உண்டு என ஏற்றது. 1990 சூன் 1ஆம் நாளைய நடுவண் அரசின் சுற்றறிக்கை கூட்டு வன மேலாண்மைக்கு வழிவகுத்தது. அகத்தியமலையின் தமிழகப் பகுதியான களக்காடு முண்டந்துறையில் 1995 முதல் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ்க் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. கேரளத்தில் 1998 முதல் பங்கேற்பு வன மேலாண்மை நடைமுறைக்கு வந்தது; வன சம்ரட்சண சமிதி எனப்படும் வனப் பாதுகாப்புக் குழுக்கள் தோன்றின. கல்லாற்றிலும் இத்தகைய குழு அமைந்தது. மீன்முட்டி அருவிக்குச் செல்வோர்க்கு வழிகாட்டும் சுற்றுலாப் பணியால் இக்குழு வெளியூராரிடையே அறியப்படுகின்றது.

இக்குழுக்களின் வாழ்வில் தீத்தடுப்புக்கு ஒரு பருவம் உண்டு. மழை ஓய்ந்தபின் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்படுகின்றன. புல்லும் சருகும் அகற்றப்பட்ட நீண்ட வெற்றுப்பட்டையே தீத்தடுப்புக் கோடு. எரிபொருள் இல்லாத இடத்தில் தீ தானே நிற்கும் என்பது இதன் அடிப்படை. சில இடங்களில் காலை ஈரத்தில் ஓரங்களைக் கட்டுப்பாட்டுடன் எரிப்பதும் உண்டு. பின்னர்த் தீக்காவலர் அமர்த்தப்படுகின்றனர். புகை தென்பட்டால், பச்சைத் தழைக்கொம்புகளால் தீயின் ஓரத்தை அடித்து அணைத்தலும், கத்தியால் புதர் வெட்டி வழி மறித்தலும், தேவையாயின் எதிர்த்தீ வைத்தலும் பணி. தீ மேல்நோக்கி ஏறுவதால் அதற்கு மேற்புறம் நிற்றல் ஆகாது. பக்கவாட்டிலிருந்து நெருக்குதல் வேண்டும். எரிந்து முடிந்த கருநிலமே பாதுகாப்பான இடம். இவை நூலால் மட்டும் வருவன அல்ல. மூத்தோர் அருகிருந்து கற்றுக்கொள்வன.

சட்டம் ஒருகாலத்தில் குற்றமாக்கிய தீயறிவு, குழுக்களின் வழியே பயிற்சியாகத் திரும்பி வந்துள்ளது என்பது இங்குச் சுட்டத்தக்கது. ஆயினும் அது முழுமையாகத் திரும்பவில்லை. எங்கே, எப்போது எரிப்பது என்னும் முடிவு வனத்துறையிடமே உள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்துள்ளது. குழுவின் பணிக்கும் கிராம சபையின் அதிகாரத்திற்கும் உள்ள உறவு நடைமுறையில் தெளிவாக்கப்பட வேண்டியதாகவே உள்ளது.

வெள்ளமும் குடிமைப் பாதுகாப்புப் படையும்

2018 ஆகத்து மாத வெள்ளம் கேரளத்தில் தன்னார்வம் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அவ்வெள்ளத்தில், திருவனந்தபுரம், கொல்லம் முதலிய கடற்கரைகளின் மீனவர்கள் நூற்றுக்கணக்கான படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டிற்குச் சென்று பல்லாயிரவரை மீட்டனர். எந்தப் படையின் உறுப்பினராகவும் இல்லாதோர், தம் தொழிற்கருவியையும் தொழிலறிவையும் கொண்டே மீட்புப் படையாயினர்.

இதன் தொடர்ச்சியாக, 2019இல் கேரள அரசு தீயணைப்பு மீட்புத் துறையின்கீழ்க் குடிமைப் பாதுகாப்புப் படையை அமைத்தது. நிலையம் ஒன்றுக்கு 50 பேர் என, 124 நிலையங்களுக்கு 6,200 தன்னார்வலரைத் திரட்டுவது திட்டம். நிலையங்களிலும் திருச்சூர் விய்யூரிலுள்ள துறையின் பயிற்சிக் கழகத்திலும் பயிற்சி அளிக்கப்பட்டது. தீயணைத்தல், முதலுதவி, நீரில் மீட்டல் ஆகியன பாடங்கள். இதற்குச் சட்ட அடிப்படை 1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம். போர்க்காலத்திற்கென இயற்றப்பட்ட அச்சட்டம், 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பேரிடர்களுக்கும் உரியதாயிற்று. 2024 சூலை 30இல் வயநாட்டில் நிகழ்ந்த நிலச்சரிவின்போது இப்படையினரும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர்.

பிராங்ளினின் குழுமத்தோடு இதனை ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகின்றது. இங்கு நிலையம் முதலில் உள்ளது. தன்னார்வலர் அதனைச் சுற்றி அமைகின்றனர். அழைப்பு நிலையத்திலிருந்து வருகின்றது. இதில் நன்மையும் உண்டு. பிலடெல்பியாக் குழுமங்களை அழித்த தெருப்பகைக்கு இங்கு இடம் குறைவு. சாதி, சமயம், கட்சி ஆகியவற்றின் வேலிகளைத் தாண்டி ஒரே சீருடையில் பணிபுரிய அரசின் அமைப்பு வாய்ப்பளிக்கின்றது. ஆயினும் நிலையத்தை மையமாகக் கொண்ட அமைப்பில், நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள காணிக் குடியிருப்பு ஓரத்திலேயே நிற்கின்றது.

தன்னார்வம், கூலி, உயிர்

2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசுப் படைகள் சென்றடையும் முன்னர் உள்ளூராரும் தோட்டத் தொழிலாளருமே இருளில் மலையேறி, காயமுற்றோரைத் தொட்டில் கட்டிச் சுமந்தனர். அவர்கள் எந்தப் பட்டியலிலும் தன்னார்வலர் அல்லர்.

2020 பிப்ரவரி 16இல் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலத்தை அடுத்த கொட்டம்பத்தூரில், தாள் ஆலைக்கென வளர்க்கப்பட்ட மரத்தோட்டத்தில் மூண்ட தீயை அணைக்கச் சென்ற வனக்காவலர் மூவர் உயிரிழந்தனர். தற்காலிகமாக அமர்த்தப்பட்டவரும் அவர்களுள் இருந்தார். தீப்பருவம் முடிந்தால் வேலையும் முடியும் நிலையில் உள்ளவர், நிலையான ஊழியர்க்குரிய அதே தீயின் முன் நிற்கின்றார்.

இவ்விரு நிகழ்வுகளும் இவ்வரலாற்றின் மைய வினாவை எழுப்புகின்றன. மலையூரில் தீயணைப்பவர் யார்? சட்டத்தின் பார்வையில் அவர் உதவி செய்யக் கடமைப்பட்டவர். வனத்துறையின் கணக்கில் பருவக் கூலி பெறுபவர். தீயணைப்புத் துறையின் ஏட்டில் பதிவு பெற்றால் தன்னார்வலர். எதிலும் இல்லையெனில் ஊரார். நான்கு பெயர்களுக்கும் உரியவர் பெரும்பாலும் ஒரே மனிதர். ஆனால் காப்பீடு, பாதுகாப்பு உடை, பயிற்சி, இறந்தால் குடும்பத்திற்குக் கிடைக்கும் உதவி ஆகியன அவர் எந்தப் பெயரில் மலையேறினார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. தீ பெயர் பார்த்துச் சுடுவதில்லை.

தன்னார்வம் என்னும் சொல்லையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊதியம் உடையோர் தம் ஓய்வு நேரத்தை அளிப்பது தன்னார்வம். நாட்கூலியை இழந்து தீயணைக்க ஓடும் தோட்டத் தொழிலாளியின் செயலையும் அதே சொல்லால் குறிக்கும்போது, அவர் இழந்த கூலி கணக்கிலிருந்து மறைகின்றது. கூலி பெற்றார் என்பதால் அவருடைய ஆர்வம் குறைந்தது என்றும் கொள்ளுதல் ஆகாது. தம் குடிநீர் ஊற்றையும் தேன் மரத்தையும் காக்க ஓடும் காணிக்காரர் கூலியும் பெறலாம். இரண்டும் முரண் அல்ல.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. தென்கேரள மலையூர்களில் தன்னார்வத் தீயணைப்புப் பணி அண்மையில் தோன்றிய புதுமை அன்று. ஊர்க்கடமையாக இருந்த அப்பணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் வனச் சட்டங்களால் கட்டாய உதவியாகவும், பின்னர்ப் பருவக் கூலியாகவும், 1998க்குப் பின் குழுப் பணியாகவும், 2019க்குப் பின் பதிவுபெற்ற தன்னார்வமாகவும் உருமாறியுள்ளது.

2. மேலை நாடுகளில் தன்னார்வப் படையே முதலில் தோன்றி அரசு பின்வந்தது. இங்கு அரசு தோன்றிய பின்னர் அதன் அழைப்பால் தன்னார்வலர் திரட்டப்பட்டனர். ஆகவே ஒன்றன் அமைப்பு விதிகளை மற்றொன்றுக்கு அவ்வாறே பொருத்துதல் இயலாது.

3. தீயைக் கையாளும் மலைவாணர் அறிவு, சட்டத்தால் விலக்கப்பட்டுப் பயிற்சியின் பெயரால் ஓரளவு மீண்டுள்ளது. அவ்வறிவுடையோர்க்கு முடிவெடுக்கும் பங்கும் அளிக்கப்பட்டாலன்றி அம்மீட்சி நிறைவு பெறாது.

4. பதிவு பெற்றவர், கூலி பெறுபவர், தாமே ஓடி வந்தவர் என்னும் வேறுபாடின்றி, தீயின் முன் நிற்கும் அனைவர்க்கும் ஒரே பாதுகாப்பு உரியதாதல் வேண்டும் என்பதை 2018, 2020 ஆண்டுகளின் நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

அழைப்பவர் யார் என்பதே இவ்வரலாற்றின் திருப்பங்கள் ஒவ்வொன்றையும் முடிவு செய்துள்ளது. விளிக்காணி, வனக்காவலர், குழுத் தலைவர், தீயணைப்பு நிலையம் என அழைப்பவர் மாறினாலும், அழைப்பைக் கேட்டு மலையேறுவோர் மாறவில்லை. அவர்தம் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்து எழுதுவது, கல்லாறு போன்ற மலையூர்களின் வரலாற்றை எழுதுவோர் மேற்கொள்ள வேண்டிய முதற்பணியாகும்.